கொடுப்பது எப்போது ஆராதனையாகிறது? நிலையில்லா வருமானம், கடன், தசமபாகம் பற்றிச் சில கேள்விகள்

புதியவிதை:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். 'கொடுப்பதும் ஆராதனைதான்' என்று பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். காணிக்கைப் பை வரிசையில் நகர்ந்து வரும்போது அவசரமாகச் சட்டைப்பையில் கைவிட்டு, அகப்பட்ட நோட்டை மடித்துப் போட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்வது எந்த வகையில் ஆராதனை? மின்கட்டணம் கட்டுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

நடைமுறையில் தெரியவேண்டியவை இவை. மாதச் சம்பளம் இல்லாமல், வேலை வரும்போது மட்டும் பணம் வருகிறவர் எப்படிக் கணக்கிடுவது? கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது கொடுக்கலாமா? தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, முழு வருமானத்திலா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா? எல்லாம் சபைக்கா, கஷ்டப்படுகிறவர்களுக்கு நேரடியாகவும் கொடுக்கலாமா? வசனத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல், எப்படிச் செய்வது என்றும் சொல்லுங்கள்.

இரண்டுகாசு:

உங்கள் முதல் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது சகோ. பை கைக்கு வந்த பிறகு யோசித்தால் தாமதம். பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதைப் பாருங்கள் (1 கொரிந்தியர் 16:2). வாரத்தின் முதல்நாள்தோறும், அவனவன், தன் வரவுக்குத் தக்கதாக, தன்னிடத்திலே சேர்த்துவைக்க வேண்டும். அதாவது நாள் குறித்தாயிற்று, ஆள் குறித்தாயிற்று, அளவுக்கு அடிப்படையும் சொல்லியாயிற்று. எல்லாம் வீட்டிலேயே முடிந்துவிடுகிறது. அவர் வந்த பிறகு வசூல் நடக்கக்கூடாது என்பதும் அதே வசனத்தில் இருக்கிறது. 2 கொரிந்தியர் 9:7 இதையே 'தன் மனதில் நியமித்தபடியே' என்கிறது. நியமிக்கிற அந்த நேரம்தான் ஆராதனை. ஞாயிற்றுக்கிழமை நடப்பது ஒப்படைப்பு.

ஆராதனை என்ற சொல்லைப் பிரசங்கிகள் சும்மா ஒட்டவைக்கவில்லை. 2 கொரிந்தியர் 9:12இல் இந்தத் தர்மப்பண ஊழியத்துக்குப் பவுல் போடும் கிரேக்கச் சொல் லெய்தூர்கியா. லூக்கா 1:23இல் சகரியா தேவாலயத்தில் செய்த ஆசாரிய முறைக்கும் இதே சொல்தான். பிலிப்பியர் 4:18இல், சிறையிலிருந்த தனக்கு எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்து கொடுத்த செலவுப் பொருளை 'சுகந்த வாசனை' என்கிறார். அது லேவியராகமத்தில் பலிபீடப் புகைக்குச் சொல்வது.

செய்யும் முறை:

பணம் வந்த நாளிலேயே, வேறு எந்தச் செலவுக்கும் முன்னால், கொடுக்கவேண்டிய பங்கைப் பிரித்து வேறொரு இடத்தில் வையுங்கள். உறை போதும். வங்கியில் தனிக் கணக்கு இருந்தால் இன்னும் நல்லது. பணப்பையிலேயே 'இது காணிக்கைக்கு' என்று மனதுக்குள் சொல்லி வைத்தால் மூன்றாம் நாளே அது பேருந்துக் கட்டணமாகிவிடும். மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கொடுக்கலாம் என்கிற திட்டமும் தேறாது. கையில் இருக்கிற அளவுக்குச் செலவு ஊதிவிடும், மிச்சம் என்று ஒன்று இருக்காது.

வருமானம் ஏறி இறங்குகிறவர்களுக்கு: கடந்த 12 மாத வரவை எழுதி, அதில் மிகக் குறைந்த மாதத்தைப் பிடியுங்கள். நல்ல மாத வரவு 100 என்றும் மோசமான மாதத்தது 40 என்றும் வைத்துக்கொள்வோம். 40இல் பத்தில் ஒன்று, அதாவது 4, மாதந்தோறும் மாறாத தொகை. அதைச் சபைக்கு ஒதுக்குங்கள், ஏனென்றால் வாடகை, ஊழியர் சம்பளம் என்று சபையின் செலவும் மாதந்தோறும் மாறாமல் வருவது. 40க்கு மேல் வருகிற ஒவ்வொரு வரவிலும், வந்த அன்றே பத்தில் ஒன்றைத் தனியே எடுத்து ஏழைகளுக்கான உறையில் போடுங்கள். நல்ல மாதத்தில் 4ம் 6ம் சேர்ந்து 10 ஆகிவிடும். 40ஐயும் எட்டாத மாதம் வந்தால் 4ஐக் குறைப்பதில் தவறே இல்லை. ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்கிறது.

தானாகப் பணம் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்கிறவர்கள் சம்பளம் வரும் நாளிலேயே தேதி வைக்காமல் ஒரு நாள் தள்ளி வையுங்கள். வரவு சில மணி நேரம் தாமதமானால் பரிமாற்றம் தோற்று, அபராதமும் பிடிப்பார்கள். 'இயந்திரம் அனுப்பினால் அது எப்படி ஆராதனை' என்று கேட்பவர்கள் உண்டு. பணம் நகர்ந்ததற்கான குறுஞ்செய்தி வந்ததும் போனை வைத்துவிட்டு, யாருக்குப் போகிறதோ அவர்கள் பெயரைச் சொல்லி ஒரு நிமிஷம் ஜெபியுங்கள். ஆறு மாதம் அந்தக் குறுஞ்செய்தியைப் பார்க்காமலே தள்ளிவிட்டிருந்தால்தான் அது மின்கட்டணம்.

கணக்கன்:

முழு வருமானமா, பிடித்தம் போகவா? வேதத்தில் நேரடிப் பதில் கிடையாது. அன்றைக்குச் சம்பளச் சீட்டு இல்லை. ஏதாவது ஒன்றை முடிவு செய்து எழுதிவையுங்கள், ஒரு வருஷத்துக்கு மாற்றாதீர்கள். மாதாமாதம் வசதிக்கேற்ப மாற்றுவதுதான் மனதைக் கெடுக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: ஓய்வுகாலச் சேமிப்புக்குப் பிடிப்பதைக் கழித்துவிட்டுக் கொடுத்தால், அந்தச் சேமிப்பு பிற்பாடு கைக்கு வரும்போது அதில் கொடுக்கவேண்டும். முழு வருமானத்தில் கொடுத்தவர் என்றால், சேமிப்பில் தன் பங்குக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. வட்டியும், நிறுவனம் போட்ட பங்கும்தான் புது வரவு.

தொழில் செய்கிறவர்கள் விற்பனைத் தொகையில் பத்தில் ஒன்று எடுத்தால் கடை மூன்று மாதத்தில் மூடும். நூற்றுக்கு விற்ற பொருளின் கொள்முதல் 85 என்றால் வரவு 15தான், அதிலும் கடைச் செலவு போகவேண்டும். கடனாக வாங்கிய பணம் வரவு அல்ல. கொடுத்த கடன் திரும்பி வந்தாலும் அல்ல. பழைய பொருளை வாங்கிய விலைக்கே விற்றதும் அல்ல. இவற்றில் தசமபாகம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் பக்தியைவிட பயம்தான் தெரிகிறது.

'பத்து சதவீதம் கொடுத்துவிட்டால் பழைய ஏற்பாட்டை நிறைவேற்றியாயிற்று' என்கிற நினைப்பையும் விடுங்கள். அங்கே ஆலயப் பணி செய்த லேவியருக்கு ஒரு தசமபாகம் (எண்ணாகமம் 18), கர்த்தருடைய சந்நிதியில் குடும்பத்தோடு புசித்துக் களிகூருவதற்கு ஒன்று (உபாகமம் 14:22-27), மூன்றாம் வருஷந்தோறும் பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை, லேவியன் இவர்களுக்கு ஊர் வாசலில் வைப்பது ஒன்று (உபாகமம் 14:28-29). மூன்றாவது தனியா, இரண்டாவதின் மாற்றா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தனி என்று கணக்கிட்டால் ஆண்டுச் சராசரி 23 சதவீதத்தைத் தாண்டும். அதற்கு மேல் வயலின் ஓரத்தை அறுக்காமல் விடவேண்டும் (லேவியராகமம் 19:9). எவ்வளவு ஓரம் என்று தோரா, அதாவது மோசேயின் நியாயப்பிரமாணம், சொல்லவில்லை. அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்று பிற்கால யூத மரபு வகுத்தது. புதிய ஏற்பாட்டில் விசுவாசிக்கு இத்தனை சதவீதம் என்று எந்த நிருபமும் விதிக்கவில்லை. ஆகவே பத்து என்பது நடக்கத் தொடங்குவதற்கு நல்ல அளவு. வசதியுள்ளவர் அங்கேயே நின்றுவிடுவது சோம்பல். வறுமையில் இருப்பவர் மேல் அதைத் திணிப்பது கொடுமை.

கடன்: 'துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான்' (சங்கீதம் 37:21). தவணையைத் தள்ளிப்போட்டுக் கொடுக்கிற காணிக்கை உண்மையில் கடன்கொடுத்தவருடைய பணம். கடன் வாங்கிக் காணிக்கை போடுவதும் கூடாது. அதற்காகக் கடன் தீரும்வரை ஒன்றுமே கொடுக்காமல் இருக்கவும் வேண்டாம், கை மூடிப் பழகிவிடும். தவணைகளை முதலில் ஒதுக்குங்கள், அத்தியாவசியச் செலவை ஒதுக்குங்கள், ஒன்றோ இரண்டோ சதவீதத்தில் ஆரம்பியுங்கள். ஒரு கடன் முடிந்ததும் அந்தத் தவணைத் தொகையில் பாதியை அடுத்த கடனுக்கும் பாதியைக் கொடுப்பதற்கும் திருப்புங்கள். அந்த மாதமே செய்துவிடுங்கள், ஒரு மாதம் தள்ளினால் வீட்டுச் செலவு அதை விழுங்கிவிடும்.

பெற்றோருக்குச் செய்யவேண்டியதை நிறுத்திவிட்டுச் சபைக்குக் கொடுப்பதைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கொர்பான், அதாவது 'இது தேவனுக்குக் காணிக்கை' என்று சொல்லித் தப்புகிறவர்களை இயேசுவே மாற்கு 7:11இல் பிடித்துவிட்டார்.

சீயோன்மணி:

கணக்கன் ஐயா, எல்லாம் சரி. ஆனால் இரண்டுகாசு அண்ணன் ஏழைகளுக்கென்று தனி உறை போடச் சொல்கிறாரே, மல்கியா 3:10 தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவரச் சொல்கிறது அல்லவா? பண்டசாலை என்றால் சபைதானே? தசமபாகத்தைப் பிய்த்து அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் கொடுக்க நமக்கு அதிகாரம் உண்டா?

கணக்கன்:

பண்டசாலை ஏன் வெறுமையாயிருந்தது என்பதை நெகேமியா 13:10-12இல் வாசியுங்கள். லேவியருக்குரிய பங்கு கிடைக்காததால் அவர்கள் வேலையை விட்டு அவரவர் வயலுக்கு ஓடிப்போனார்கள். அந்தப் பண்டசாலையில் இருந்தது தானியமும் திராட்சரசமும் எண்ணெயும். ஆலய வேலைக்காரர் சாப்பாட்டுக்கான களஞ்சியம் அது. 'என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி' என்று மல்கியா வசனமே காரணம் சொல்கிறது. அதோடு அதே அதிகாரத்தில் முந்தின 5ஆம் வசனத்தில் கூலிக்காரரின் கூலியை அபகரித்து, விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கு எதிராகச் சாட்சியாக வருவேன் என்கிறார். 10ஐப் போஸ்டரில் போடுகிறவர்கள் 5ஐப் போட்டுப் பார்த்ததில்லை.

சபை நம்மைப் போஷிக்கிற இடம், அதைத் தாங்குவது கடமை. கலாத்தியர் 6:6 போதும் அதற்கு. ஆனால் ஆதிச் சபையில் சேர்ந்த பணம் எங்கே போனது? ஏறக்குறைய கி.பி. 155இல் ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் எழுதும்போது, ஞாயிறு கூட்டத்தில் விருப்பமுள்ளவர்கள் அவரவர் இஷ்டப்படி கொடுப்பது நடத்துகிறவரிடம் சேரும், அதிலிருந்து அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்பவர்கள், அந்நியர்கள் காக்கப்படுகிறார்கள் என்கிறார். 197 வாக்கில் இன்னொரு ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் சொல்வதும் அதுதான்: மாதத்தில் ஒருநாள், கட்டாயமில்லாமல், முடிந்தவர் மட்டும். செலவு, ஏழைகளின் உணவுக்கும் அடக்கத்துக்கும். உங்கள் சபை இப்படிச் செலவிடுகிறது என்றால் முழுவதையும் அங்கேயே கொடுங்கள், தனி உறையே தேவையில்லை. செலவிடவில்லை என்றால் அந்த வேலை உங்கள் தலையில்தான் விழும், இல்லாதவருக்கு ஒன்றும் கொடுக்காமல் வாயால் வாழ்த்தி அனுப்புவதைக் கண்டிக்கும் யாக்கோபு 2:16 சபைக் கணக்கைக் கேட்டுவிட்டு விலக்கு அளிப்பதில்லை.

தொற்காள்:

பணக் கணக்கு போதும் தம்பிமாரே. ஆளுக்கு ஆள் கொடுப்பதில் நடக்கும் தவறுகளைச் சொல்கிறேன்.

'ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்' என்று சொல்லிவிட்டு வருவது கொடுப்பதில் சேராது. கஷ்டத்தில் இருப்பவர் கேட்கமாட்டார். குறிப்பாகக் கேளுங்கள்: 'இந்த வார மருந்து வாங்கியாயிற்றா? சீட்டைக் கொடுங்கள், நான் அந்தப் பக்கம்தான் போகிறேன்.' பதில் சொல்வது அவருக்கு எளிது.

பொருளா, பணமா? நல்ல நிதானத்தில் இருக்கும் குடும்பத்துக்குப் பணமே மரியாதை. எது முதலில் என்று அவர்களுக்குத் தெரியும். கையில் பணம் தங்காத வீடு என்று நிச்சயமாகத் தெரிந்தால் கட்டணத்தை நேரடியாகக் கட்டி ரசீதை மட்டும் கொடுங்கள். உறையை ஒட்டிக் கொடுங்கள். பிள்ளைகள் பார்க்கக் கொடுக்காதீர்கள். வாசலில் வைத்து எண்ணாதீர்கள். புகைப்படம் எடுக்கவே வேண்டாம், மத்தேயு 6:3இல் இடதுகைக்கே தெரியக்கூடாது என்றிருக்கும்போது புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்கு எதற்கு?

வீட்டில் மரணமோ நோயோ என்றால் முதல் மூன்று நாள் எல்லாரும் சாப்பாடு கொண்டுவருவார்கள், பாதி வீணாகும். பத்தாம் நாள் அடுப்பு பற்றவைக்கத் தெம்பு இருக்காது, அன்றைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். உங்கள் முறையை இரண்டாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர், யாருக்கு எது ஆகாது என்று முன்னாளே கேளுங்கள். திருப்பித் தரவேண்டாத பாத்திரத்தில் கொடுங்கள். கழுவித் திருப்பித் தருவதும் அவர்களுக்கு ஒரு வேலைதானே. இருபது நிமிஷத்துக்கு மேல் உட்காராதீர்கள்.

பழைய துணி கொடுக்கிறவர்களுக்கு மல்கியா 1:8ஐ ஞாபகப்படுத்துகிறேன், குருடும் முடமுமானதைப் பலிக்குக் கொண்டுவந்தவர்களைக் கேட்ட கேள்வி. சட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கழுத்துப்பட்டை மடிப்பிலும் அக்குளிலும் நூல் இழை தெரிந்தால் அது கைப்பிடித் துணி, தானம் அல்ல. பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கழற்றுங்கள், ஜிப்பை மேலும் கீழும் இருமுறை இழுங்கள், பைகளைத் திருப்பிப் பாருங்கள். துவைத்து, தேய்த்து, அளவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேலே குத்துங்கள். தபீத்தாள் செய்துகொடுத்த அங்கிகளை விதவைகள் பேதுருவிடம் காட்டி அழுதார்கள் (அப்போஸ்தலர் 9:39). காட்டும்படியான துணியாக இருந்திருக்கிறது.

கைமாற்றுக் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் உறவு கெடாத தொகையை மட்டும் கொடுங்கள், மனதுக்குள் அப்போதே எழுதித் தள்ளிவிடுங்கள். கேட்டது அதைவிடப் பெரிய தொகை என்றால், 'அவ்வளவு முடியாது, இதை வைத்துக்கொள்ளுங்கள், திருப்பவேண்டாம்' என்பது நேர்மை. கடனாகக் கொடுத்துவிட்டு ஆலயத்தில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதில் இருவருக்கும் ஆராதனை போய்விடும்.

உபவாசம் இருக்கிறவர்களுக்கு இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ நூலான 'ஹெர்மாவின் மேய்ப்பன்' சொல்லும் ஒரு வழி: அன்றைக்குச் சாப்பிட்டிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டு, அந்தத் தொகையை விதவைக்கோ அனாதைக்கோ இல்லாதவருக்கோ கொடுத்துவிடு. இதைக் கடைப்பிடித்தால் உபவாச நாளில் மிச்சமாகிற பணம் மறுநாள் விருந்தாகாது.

பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பழக்குவதையும் சொல்லிவிடுகிறேன். ஆலய வாசலில் கையில் ஒரு காசைத் திணித்து 'போடு' என்றால் பிள்ளை கற்றுக்கொள்வது அப்பா பணத்தைப் பையில் போடுவதை. அதன் கைச்செலவுப் பணத்தை ஒரே நோட்டாகக் கொடுக்காமல் பத்துக் காசுகளாகக் கொடுங்கள், மூன்று டப்பா வையுங்கள்: கொடுக்க, சேர்க்க, செலவழிக்க. ஒரே நோட்டைப் பிரிக்க முடியாது, பத்துக் காசைப் பிரிக்கலாம். எந்த டப்பாவில் எத்தனை என்று நீங்கள் சொல்லாதீர்கள்.

பெஞ்சுப்பொருளாளர்:

சபைக்குக் கொடுக்கிறவர்கள் கவனிக்கவேண்டியது கொஞ்சம்தான். எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவோடு இரண்டு சகோதரரையும் அனுப்பி, ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாயிருக்கிறோம் என்று எழுதினார் (2 கொரிந்தியர் 8:16-24). எனவே பையை எண்ணுகிறவர்கள் குறைந்தது இருவர், ஒரே குடும்பத்தார் அல்லாதவர், அதே நாளில், அதே இடத்தில். எண்ணிக்கைத் தாளில் இருவரும் கையெழுத்து. அன்றைய செலவைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டு மீதியை எழுதும் பழக்கம்தான் கணக்கு சிதைவதற்கு முதல் காரணம். முழுத் தொகையும் வரவில் ஏறிய பிறகுதான் செலவுச் சீட்டு.

குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுத்தால் உறை மேல் நோக்கத்தைத் தெளிவாக எழுதுங்கள். 'ஊழியத்துக்கு' என்றால் எந்த ஊழியம் என்று எங்களுக்குத் தெரியாது. அந்த நோக்கம் நிறைவேறி மீந்தால் என்ன செய்வது என்றும் ஒரு வரி எழுதினால் கமிட்டியில் ஒரு சண்டை குறையும். ஆசரிப்புக் கூடாரத்துக்குத் தேவைக்கு அதிகமாக வந்தபோது மோசே பாளயமெங்கும் சொல்லி நிறுத்தினார் (யாத்திராகமம் 36:5-7). போதும் என்று அறிவிக்கிற சபையைக் கண்டால் அங்கே தயங்காமல் கொடுக்கலாம்.

கூட்டத்தின் முடிவில் உணர்ச்சி பொங்கும்போது 'இவ்வளவு தருகிறேன்' என்று எழுதுகிற பொருத்தனைச் சீட்டு வேண்டவே வேண்டாம். ஒரு இரவு தூங்கி எழுந்து, வீட்டில் பேசி, பிறகு எழுதுங்கள். துணைக்குத் தெரியாமல் குடும்பப் பணத்திலிருந்து கொடுப்பதும் இதில் சேரும். 'இத்தனை விதைத்தால் இத்தனை மடங்கு' என்று தொகையைச் சொல்லிக் கேட்கிறவர் கேட்பது முதலீடு, அதைப் பலி என்று சொல்லமுடியாது.

புதியவிதை:

எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒரே சந்தேகம். கொடுக்காமல் விட்ட பழைய மாதங்களுக்கும் சேர்த்துக் கட்டவேண்டுமா? ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும் என்று லேவியராகமத்தில் இருப்பதாக ஒருவர் சொன்னார்.

கணக்கன்:

லேவியராகமம் 27:31ஐத்தான் சொல்லியிருப்பார். அது தாமதத்துக்கு அபராதம் அல்ல. தசமபாகமாகப் பிரித்த விளைச்சலைத் தனக்கே வைத்துக்கொண்டு பணமாகக் கொடுக்க விரும்புகிறவன் விலையோடு ஐந்தில் ஒன்று கூட்டவேண்டும் என்பது. பழைய மாதங்களைக் கூட்டிப் பார்க்காதீர்கள். கூட்டினால் வரும் தொகை பயமுறுத்தும், இந்த மாதத்தையும் விட்டுவிடுவீர்கள். வாயைத் திறந்து இன்ன தொகை தருகிறேன் என்று பொருத்தனை பண்ணியிருந்தால் அது மட்டும் பாக்கி (பிரசங்கி 5:4). ஒரேயடியாக முடியாவிட்டால், மாதம் இவ்வளவு என்று பொருளாளரிடம் சொல்லி, தேதி போட்டு எழுதிக்கொடுங்கள்.

இரண்டுகாசு:

அடுத்த வரவு எப்போது என்று தெரியுமா? தெரிந்தால் இன்றைக்கே இரண்டு உறை எடுத்து மேலே எழுதி வைத்துவிடுங்கள். வரவு வந்த பிறகு உறை தேடினால் அகப்படாது.